இடுப்பில் கட்டிய ஈயம்

தர்மபுரம் பள்ளிக்கூட வளவில் நின்ற பாலை மரத்தில் தராசைக் கட்டித் தொங்கவிட்டபோது காலை எட்டு மணி. பத்தரைக்குக் கொழும்பிலிருந்து பெரிய அதிகாரி வருவார். நாடு முழுவதற்குமான போசாக்குத் திட்டத்தை இந்தப் பகுதியில் தொடக்கிவைப்பார். அதற்குள் நாற்பது குழந்தைகளை நிறுத்து, வளர்ச்சி அட்டையிலுள்ள சிவப்புக் கோட்டுக்குக் கீழே விழுகிறவர்களின் பெயரைப் பதிந்து முடிக்கவேண்டும். அவர்களுக்கு மட்டும் மாதம் இரண்டு பை சத்துமா. இன்று பெயர் விழாவிட்டால் அடுத்த நிறுவை மூன்று மாதம் கழித்துத்தான்.

ஒன்பது மணிக்கே, நிறுவைக்குப் பொறுப்பாக நின்ற சிவலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு பிள்ளைகளை நிறுத்தாயிற்று. கோட்டுக்குக் கீழே நாலே நாலு பேர். இந்தக் குடியிருப்பிலா? எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு உயிர் தப்பி ஓடிவந்து, நாலு வருசமாகக் காடு வெட்டியும் பிறர் வயலில் கூலிக்கு நாற்று நட்டும் காலம் தள்ளுகிற சனம். அவளும் அந்தச் சனத்தில் ஒருத்திதான். அவர்களுக்குள் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். எந்த வீட்டில் எத்தனை நேரம் அடுப்பு எரியும் என்பது அவளுக்குப் பாடம்.

"என்ன பிள்ளை, முகத்தை உம்மெண்டு வைச்சிருக்கிறீர்? சந்தோசப்படும். உம்மட சனம் நல்லாத்தானே இருக்குது" என்றார் செல்வநாயகம். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், அலுவலகத்தில் அவளுக்கு மேலே.

"தராசு பிழை சேர்."

"புதுத் தராசு. நேற்றுத்தான் பெட்டி உடைச்சனாங்கள்."

"அப்ப என்ர கண் பிழை."

அடுத்து வந்தவள் பக்கத்து வளவு வடிவம்மா. அவள் புருசன் வீரையா பூநகரியில் வலை இழுக்கிறான். இடுப்பில் இருந்த இரண்டு வயது கமலாசனிக்குச் செம்பட்டை முடி, ஈர்க்குக் கால்கள். மருத்துவமாது இராசேஸ்வரி பிள்ளையைத் தராசில் மாட்டி முள்ளைப் பார்த்தாள். "ஒன்பதே முக்கால் கிலோ" என்று பதிவேட்டில் எழுதினாள். கோட்டுக்கு மேலே.

சிவலட்சுமி பிள்ளையை இறக்கினாள். கை சட்டென்று தாழ்ந்தது. முந்தாநாள் ஒற்றைக் கையால் தூக்கிய பிள்ளை! சட்டையை உயர்த்தினாள். உள்ளே இன்னொரு சட்டை. அதற்கும் உள்ளே, இடுப்பைச் சுற்றி, வலைக்குக் கட்டுகிற ஈயக் குண்டுகள் கோத்த கயிறு.

"வடிவக்கா, என்னா இது?"

"கத்தாத தங்கச்சி. அவரு வலையில இருந்து அவுத்தது. நாளைக்கே திருப்பிக் கட்டிருவாரு."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. ஏன் கட்டுன?"

"போன சித்திரைக்கு வாசிகசாலையில கொழந்தப் போட்டி வச்சாங்கல்ல? கனமான புள்ளைக்குத்தானே சவுக்காரமும் துவாயும் குடுத்தாங்க. எம் புள்ளைக்கு ஒண்ணும் கெடைக்கல. இந்தத் தடவையும் விட்டுறவா சொல்ற?"

சிவலட்சுமி வரிசையைப் பார்த்தாள். பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பார்வையைத் திருப்பினார்கள். ஒரு பிள்ளைக்கு முழங்கை வரை பித்தளைக் காப்பு. இன்னொன்றுக்கு அந்தப் புழுக்கத்தில் கம்பளிச் சட்டை. கடைசியில் நின்றவள் தண்ணீர்ப் போத்தலை மகன் வாயில் திணித்து, "இன்னும் ஒரு மொடக்கு குடிடா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"கனம் வேணும்னு எவ சொன்னா?"

"நோட்டீசுல போட்டிருந்துச்சே. நிறுத்துப் பார்த்துத் தெரிவு செய்யிற புள்ளைங்களுக்குப் பைன்னு."

அந்த நோட்டீசை எழுதியது அவளேதான். 'நிறை குறைந்த பிள்ளைகளுக்கு' என்று எழுதியிருந்தாள். "பெரிய ஆள் வாற இடத்தில குறைஞ்சது, மெலிஞ்சது எண்டெல்லாம் எழுதினா பாக்க வடிவா இருக்குமோ?" என்று செல்வநாயகம் அந்த இடத்தைச் சிவப்பு மையால் வெட்டினார்.

அவள் நேரே அவரிடம் போனாள். "சேர், எல்லாரையும் உடுப்புக் கழட்டித் திரும்ப நிறுக்கவேணும்."

"விசரே உமக்கு? மையால பதிஞ்சாச்சு. வெட்டிக் கொத்தினா மேலிடத்தில கேப்பினம். அதோட அம்மணப் பிள்ளையளை நிரையா நிப்பாட்டி வைச்சே படம் எடுக்கிறது?"

"எடுக்கட்டும். பிள்ளையளின்ர விலா எலும்பைப் பாக்கத்தானே இந்தத் திட்டம்?"

"பட்டம் படிச்சாப் போதாது பிள்ளை. இடம் பொருள் தெரியவேணும்."

"நோட்டீசில நீங்கள் வெட்டினதை நான் மேலிடத்துக்குச் சொல்லட்டோ, இதில நான் வெட்டட்டோ?"

செல்வநாயகம் மேடைக்குக் கதிரை போடுவதைப் பார்க்கப் போய்விட்டார். சிவலட்சுமி பதிவேட்டை வாங்கி மேலிருந்து கீழே ஒரே கோடாக வெட்டி, பக்கத்தில் தன் கையெழுத்தை வைத்தாள். இராசேஸ்வரி புதுப் பக்கத்தைப் புரட்டினாள்.

மரத்தடியில் காப்புகளும் அரைஞாண்களும் கதவுக்குப் போடுகிற ஒரு ஆமைப்பூட்டும் குவிந்தன. பிள்ளைகள் வீரிட்டன. தண்ணீர் குடித்த பையன் தராசிலேயே பெய்துவிட்டான். "நல்லதாப் போச்சு, இனிச் சரியாக் காட்டும்" என்றாள் இராசேஸ்வரி.

கமலாசனி எட்டேகால். பெயர் விழுந்தது. பத்தரைக்குள் கோட்டுக்குக் கீழே முப்பத்தொரு பெயர்கள்.

ஜீப் வந்தது, அதிகாரியின் கழுத்தில் மாலை விழுந்தது. பைகளைக் கொடுக்கத் தொடங்கினார்கள். செல்வநாயகம் மைக்கில், எங்கள் பகுதியின் போசாக்கு நிலை திருப்திகரமானது என்று வாசித்துக்கொண்டிருந்தார். இரவே எழுதி வைத்த பேச்சு.

வடிவம்மா இரண்டு பைகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். ஈயக் கயிறு மடியில் கனத்தது.

"தங்கச்சி, இதத் தின்னா இவ கனப்பாளா?"

"கனக்கணும். அதுக்குத்தானே குடுக்கிறது."

"கனத்துட்டா?"

"கோட்டத் தாண்டிட்டா பேர வெட்டிருவாங்க."

"அப்ப பை?"

"கெடையாது."

வடிவம்மா பையைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். மூன்று மாதம் கழித்து வரப்போகும் நிறுவை நாளை அப்போதே கண்ணால் கண்டவள் போலக் கேட்டாள்: "அப்ப அன்னிக்கு மட்டும் பட்டினி போட்டுக் கூட்டியாரணும், அப்படித்தானே?"

திட்டத்தின் சுற்றறிக்கை பன்னிரண்டு பக்கம். அத்தனையும் சிவலட்சுமிக்கு மனப்பாடம். அதில் எங்கும் இதற்குப் பதில் இல்லை.

அவள் வடிவம்மாவின் கையைப் பிடித்தாள். "வா."

"எங்க?"

"மேடைக்கு. இப்ப எங்கிட்டக் கேட்டத அப்படியே அங்க கேளு."

"ஐயோ, எனக்குப் பேச வராது தங்கச்சி."

"எங்கிட்ட மட்டும் எப்படி வந்திச்சு? நட."

இழுத்த இழுப்பில் மடியிலிருந்த ஈயக் குண்டுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. பேச்சின் மூன்றாவது பக்கத்தைப் புரட்டிய செல்வநாயகம் இருவரும் படியேறுவதைக் கண்டார். அவசரமாக மைக்கைக் கையால் பொத்தினார்.