நாற்பத்தேழாம் இருக்கை

மணி இரண்டு பத்து. நான்கு மணிக்கு மூன்று நாடுகளிலும் ஒரே நேரத்தில் அறிக்கை வெளியாக வேண்டும். அவள் அறிக்கையின் முன் அட்டையைக் கடைசியாக ஒருமுறை பார்த்தாள். 'அவைக்கு அதிக நாட்கள் வந்தவர்: அறுபத்திரண்டில் ஐம்பத்தெட்டு' என்ற வரிக்குக் கீழே அக்கா கணவரின் பெயர், இருக்கை எண் நாற்பத்தேழு. பெயருக்கு மேலே, அவை வீடியோவிலிருந்து எடுத்த படத்தில், ஒரு வழுக்கைத் தலை.

அக்கா கணவருக்கு வழுக்கை கிடையாது. தலைமுடிக்கென்று தினமும் அரை மணி நேரம் கண்ணாடி முன் நிற்பவர் அவர்.



நாடாளுமன்றங்களைக் கவனிக்கும் மூன்று சின்ன அமைப்புகள் சேர்ந்து செய்த முதல் வேலை அது. அவளுடைய அமைப்பு என்பது ஒரு மாடி அறை, இரண்டு மேசைகள், அவ்வப்போது மக்கர் பண்ணும் ஒரு பிரிண்டர். அவரவர் அவையின் வருகையை அவரவர் எண்ணினால் தாட்சண்யம் வந்துவிடும் என்று, ஆளுக்கு ஓர் அண்டை நாட்டு அவையை எண்ணினார்கள். யோசனை அவளுடையது. அக்கா கணவரே உறுப்பினராக இருக்கும்போது வேறென்ன செய்வது? ஒன்பதாவது விதியையும் அவள்தான் எழுதினாள். சொந்த நாட்டு எண்களில் உள்ளூர் அமைப்பு கை வைக்கக் கூடாது. எண்ணியவரும்கூட, சம்பந்தப்பட்ட உறுப்பினர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே திருத்தலாம்.

அவள் நாட்டு அவையை எண்ணியவர் அண்டை நாட்டில் இருக்கும், ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர். மூன்று அமைப்பிலும் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அவரை அழைத்தாள்.

"ஐயா, நாப்பத்தேழுல உக்காந்திருக்கறது நாப்பத்தேழு இல்லை."

"நம்பர் பளிச்சுனு தெரியுதேம்மா. தினம் பதினொண்ணு இருபதுக்கும் மூணு இருபதுக்கும் வீடியோவை நிறுத்தித்தான் எண்ணினேன்."

"நம்பர் சரி. ஆள் வேற. அவர் நாப்பத்தாறு. அவர் இருக்கைக்கு நேர் மேலே ஏசி இருக்கு. காத்து மண்டையில அடிக்குதுன்னு பக்கத்துல மாறிட்டார்."

"உங்க ஊர்க்காரங்க மூஞ்சி எனக்கு எப்படித் தெரியும்? தெரியக் கூடாதுன்னுதானே என்கிட்ட குடுத்தீங்க?"

நாற்பத்தாறுக்கு நேரே பூஜ்யம் இருந்தது. அவையில் யாரையும் விடக் கூடுதலாகக் கேள்வி கேட்கிறவர் அவர். முன்கூட்டி அனுப்பிய கணக்கை அவர் பிரித்தே பார்க்கவில்லை போலும். நான்கு மணிக்கு ஊரறிந்த சோம்பேறி ஆகிவிடுவார். ஐந்து மணிக்குள் மூன்று அமைப்புகளின் பெயரும் சிரிப்பாய்ச் சிரிக்கும்.

"நீங்களே திருத்திடுங்களேன்."

"ஒன்பதாவது விதிம்மா."

"ஒரு நாள் தள்ளி வைக்கலாமா?"

"மூணாவது நாட்டுல நிருபர்களுக்கு நாற்காலி போட்டாச்சு. உங்க நாப்பத்தேழு 'நான் வரலை, உக்காந்தவர் நாப்பத்தாறு'ன்னு எழுதிக் குடுக்கட்டும். ரெண்டையும் மாத்திடறேன்."

நாற்பத்தாறை அழைக்க வழியில்லை. அவை வாசலிலேயே கைப்பேசியை வாங்கி வைத்துவிடுவார்கள். மனிதர் உள்ளே இருந்தார், நாற்பத்தேழில்.

அக்கா கணவரை அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"அத்தான், அவையில இல்லையா?"

"இங்கதாம்மா இருக்கேன். இடைவேளை."

"சார், உங்க ஆட்டம். சீட்டைப் போடுங்க" என்றது பின்னால் ஒரு குரல்.

அவள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. "எல்லாருக்கும் அவங்க கணக்கை முன்னாடியே அனுப்பினோமே. பாத்தீங்களா?"

"முந்தாநாளே வந்துச்சு. நாலு தடவை படிச்சேன். உங்க அக்காவுக்கும் படிச்சுக் காட்டினேன்."

"தப்புன்னு சொல்லத் தோணலையா?"

"மூணு நாடு சேந்து எண்ணியிருக்கு. நான் ஒருத்தன் எதிர்த்து நின்னு, வரலைன்னு சொன்னா மரியாதையாவா இருக்கும்?"

"அட்டையில உங்க பேருக்கு மேல வழுக்கைத் தலை இருக்கு."



"படத்தை எடுத்துட்டா?"

"வீடியோ ஊருக்கே இருக்கு அத்தான்."

"நான் இப்பவே போய் மொட்டை அடிச்சுக்கிட்டா?"

"ஐம்பத்தெட்டு நாள் முன்னாடி அடிச்சிருக்கணும். எங்க இருக்கீங்க சொல்லுங்க, வர்றேன்."

முகவரி சொல்ல அவருக்கு ஒரு நிமிடம் பிடித்தது. நாடாளுமன்றத்துக்கு நேர் பின்தெரு.

திருத்தப் படிவத்தை எடுத்தாள். 'குறைவாக எண்ணப்பட்ட நாட்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதிகமாக எண்ணிவிட்டார்கள் என்று ஒருவர் குறைப்பட்டுக்கொள்வார் என மூன்று நாட்டில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. 'குறைவாக' என்பதை அடித்து 'அதிகமாக' என்று பேனாவால் எழுதினாள். பிரிண்டரை நம்பி இன்னொன்று எடுக்க நேரமில்லை.

மூன்று பத்துக்குச் சீட்டாட்ட மன்றத்தின் மாடி ஏறினாள். மின்விசிறிக்கு நேர் கீழே, முடி கலையாமல் இருக்க ஒரு கையால் தலையைப் பிடித்தபடி, அவர் உட்கார்ந்திருந்தார். மற்ற மூவரும் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சன்னலைப் பார்த்தார்கள்.

அவர் படிவத்தை மெல்லப் படித்தார்.

"ஒரே ஒரு நாள் வந்தேம்மா. சத்தியமா. என் இருக்கையில யாரோ உக்காந்திருந்தார். எழுப்பினா நல்லா இருக்காதுன்னு திரும்பிட்டேன்."

"அவர்தான் அத்தான் அட்டையில இருக்கற வழுக்கைத் தலை."

"நல்ல மனுஷன். அப்பக்கூட எந்திரிச்சு வணக்கம் சொன்னார்."

"அவருக்குத்தான் பூஜ்யம் போட்டிருக்கு. கையெழுத்துப் போடுங்க. படம் எடுத்து அனுப்பணும். மணி மூணே கால்."

அவர் பேனாவைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்து, கட்டத்துக்கு மேலே பிடித்தார். சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த மூவரில் ஒருவர் இருமினார்.

"போடறேன். உங்க அக்கா தினமும் விடியறதுக்கு முன்ன எந்திரிச்சு, சட்டைக்கு இஸ்திரி போட்டு, வாசல் வரைக்கும் வந்து என்னை அனுப்பியிருக்கா. அறுபத்திரண்டு நாளும் எங்க போனீங்கன்னு கேட்டா, நீயே ஒரு வார்த்தை சொல்லிடறியாம்மா?"