மேனேஜர் வேண்டாம், வெல்டர் போதும்

என் முதலாளிக்கு என் மேல் பாசம் அதிகம். அந்தப் பாசம்தான் என் வெளிநாட்டுப் பயணத்துக்கே உலை வைக்கப் பார்த்தது.

நாங்கள் விண்ணப்பித்திருந்த நாட்டில் வெல்டர்களுக்குப் பெரிய பற்றாக்குறை. குடும்பத்தோடு வந்து நிரந்தரமாகவே இருந்துகொள்ளுங்கள் என்கிறார்கள். பரீட்சை, கைவேலைச் சோதனை எல்லாவற்றிலும் தேறிவிட்டேன். பாக்கி இருந்தது வேலை பார்த்த இடத்திலிருந்து ஒரு கடிதம். முதலாளி எழுதி, சீல் குத்தி, உறையையும் ஒட்டிக் கொடுத்தார். அவர் ஒட்டியதை நான் பிரிப்பது மரியாதையில்லை என்று அப்படியே விசா ஏஜென்டிடம் கொடுத்துவிட்டு வந்தேன். என்னைப் போல ஒரு முட்டாள் உண்டா?

இரண்டு மாதம் கழித்து அந்த நாட்டு விசா அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. 'நீங்கள் வெல்டர் என்கிறீர்கள். கடிதம் உங்களை மேனேஜர் என்கிறது. நீங்கள் செய்யும் வேலைகளை விவரித்து இருபத்தெட்டு நாளில் வேறு கடிதம் வராவிட்டால் விண்ணப்பம் ரத்து.'

"உங்களுக்கு நாப்பத்தி நாலு முடியப் போகுது. இது போச்சுன்னா வயசு தாண்டிடும், திரும்பப் போடவே முடியாதுங்க" என்றாள் மனைவி.

மறுநாள் காலையிலேயே முதலாளி முன்னால் போய் நின்றேன்.

"பதினெட்டு வருஷம் எங்கூட இருந்தவனை வெறும் வெல்டர்னு எழுதவா? நாலு பேர் என்னடா நினைப்பாங்க?"

"நான் வெல்டர்தானே முதலாளி?"

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அடுத்த நாட்டுக்காரனுக்கும் தெரியணுமா?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. என் தொழில் என்ன மூடி மறைக்க வேண்டிய வியாதியா?

"அவங்க வெல்டரைத்தான் கூப்பிடறாங்க. மேனேஜரை யாரும் கூப்பிடல" என்றேன்.

அவர் முகம் சுருங்கிப்போனது. பிறகு, "சரி, நீ என்னதான் செய்யறேன்னு பாத்து எழுதறேன்" என்று ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அன்று முழுக்க என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மத்தியானம் ஒரு பாய்லர் பைப். அதன் பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது, தலையை நுழைக்க இடமில்லை. முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்து, அதில் தெரிவதைப் பார்த்தபடி இடது கையால் பற்றவைத்தேன்.

"இதை எப்பலேர்ந்து செய்யறே?"

"ஏழெட்டு வருஷமா."

"எங்கிட்ட சொன்னதே இல்லையே!"

"பத்தவச்ச இடத்தை எக்ஸ்ரே எடுக்கறப்ப குறை வந்தாத்தானே நீங்க கேப்பீங்க?"

அவர் அதையும் எழுதிக்கொண்டார். சாயங்காலம் இரண்டு பக்கம் நிறைந்திருந்தது. மேலே, வெல்டர் என்று போட்டிருந்தார். கையெழுத்துப் போட்டு, இந்தத் தடவை உறையில் போடாமல் நீட்டினார்.

"படிச்சுப் பாத்துக்கோ. அப்படியே ஒரு காப்பி எடுத்து, மேல 'ஆள் தேவை'ன்னு எழுது. கேட்டுல ஒட்டணும்."

மூன்று மாதமாகப் போகிறேன், போகிறேன் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டிருந்தவன்தான் நான். அந்த இரண்டு வார்த்தையை என் கையாலேயே எழுத வேண்டியதாயிற்று.

முதலாளி அதை வாங்கி முதலிலிருந்து கடைசி வரி வரை விரல் வைத்துப் படித்தார்.

"இத்தனையும் தெரிஞ்சவன் இங்க எதுக்குடா வரப்போறான்?" என்றார்.

எனக்குப் பதில் தெரியும்: பதினெட்டு வருஷம் நான் இருந்ததே இந்த மனுஷனுக்காகத்தான். காப்பியை வாங்கிக்கொண்டு கேட்டில் ஒட்டப் போனேன்.