தம்பித்துரை அத்தானின் சிவப்புக் கார்

சிறீதரனுக்குப் புத்தி பிசகியது ஐம்பத்திரண்டாவது வயதில். அந்த வயதில் சிலருக்குச் சர்க்கரை வருத்தம் வரும், சிலர் கோயில் நிர்வாகத்துக்குள் போய்ச் சண்டை பிடிப்பார்கள். இவர் சுவிற்சர்லாந்தின் டீட்டிகோனில் ஒரு பழைய கார்க்கடைக்குப் போய்ச் சிவப்பு நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். பன்னிரண்டு வயதுக் கார். எட்டுச் சிலிண்டர். இரண்டே இருக்கை. தன் குடும்பத்தில் நாலு பேர் என்பது காசு கட்டிய பிறகுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. நொஷாத்தல் மாநிலத்து லா ஷோ-து-ஃபோனில் ஒரு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில், ரவையை விடச் சிறிய திருகாணிகளைச் சாவணத்தால் எடுத்து வைப்பது அவருடைய வேலை. இருபத்தேழு வருடங்களாக அதுதான். தும்மக் கூடாது, மேசையை ஆட்டக் கூடாது, பெருமூச்சு விடுவதென்றாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் விட வேண்டும். அவர் கைபட்ட மணிக்கூடுகள் உலகமெல்லாம் ஓடுகின்றன. ஒன்றிலும் அவர் பெயர் இல்லை. ஒரு தடவையாவது சனம் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சத்தம் போட வேண்டும், "இது சிறீதரன்ர கார்" என்று நாலு பேருக்கு முன்னால் யாராவது சொல்ல வேண்டும். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் சேமிப்பை வழித்துத் துடைத்து எடுத்தார்.

வாங்கும்போது எதையும் அவர் பார்க்காமல் விடவில்லை. ரயரைப் பார்த்தார், எண்ணெயைப் பார்த்தார், வெளிச்சங்களைப் போட்டுப் பார்த்தார். கோயிலடிக்குக் கொண்டுபோய், ஐயரைக் கொண்டு தேங்காய் உடைப்பித்து, நாலு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசித்தார். வரியை மட்டும் பார்க்கவில்லை. அதை மனைவி பிரபாலினி பார்த்தாள், அவள் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்து முடித்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், கைத்தொலைபேசியில்.

"இஞ்ச, இந்தக் கார் ஒரு கிலோமீற்றருக்கு எவ்வளவு புகை விடுதெண்டு தெரியுமோ? முந்நூறு கிராமாம்."

"புகைக்கு என்னப்பா நிறை?" என்று சிரித்தார் சிறீதரன்.

"நிறை இல்லையோ? இந்தக் கன்ரோனில அந்தப் புகையை நிறுத்துத்தான் வரியாம். இந்தாங்கோ, இவ்வளவு. வருசா வருசம்."

தொகையைப் பார்த்ததும் சிறீதரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பெருமூச்சு விட்டார். தொழில் பழக்கம்.

அன்றிரவு முழுக்க யோசித்ததில் அவருக்கு ஒரு மூளை வேலை செய்தது. எந்த மூளை என்பதைப் பிறகு அவரே பல தடவை தேடிப் பார்த்திருக்கிறார். அக்கா செல்வராணியின் வீடு பீலில். அது பக்கத்து மாநிலம், பேர்ன் கன்ரோன். அங்கே காரின் எடைக்குத்தான் வரி. இவருடைய கார் எடையில் குறைவு, புகையில்தான் தாராளம். அக்காவின் புருஷன் தம்பித்துரை அத்தானுக்கோ காரே இல்லை. தொழிற்சாலைக்கும் சைக்கிள், மரக்கறிக் கடைக்கும் சைக்கிள். அவர்களுடைய வீட்டோடு சேர்ந்து வந்த நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் அந்தச் சைக்கிளும் மூன்று மூட்டை அரிசியும்தான் இருந்தன. காரை அத்தான் பெயரில் பதிந்து, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தால் முடிந்தது காரியம். சட்டத்திலும் பிழை இல்லை.

"அப்ப கார் அத்தான்ர பேரில நிக்கும்," என்றாள் பிரபாலினி.

"பேர் பேப்பரிலதானே."

"பேப்பரில பேரைத் தவிர வேற என்ன இருக்கு?"

அவள் சொன்னதை அப்போதே காதில் வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

இப்படியாக, மூன்று வருடம் சனிக்கிழமைகளில் சிறீதரன் தன் சொந்தக் காரைப் பார்ப்பதற்காக ரயிலேறிப் பீலுக்குப் போனார். முக்கால் மணித்தியாலப் பயணம். போய்க் காரைத் துடைப்பார். ஏரிக்கரை வழியே ஓடிவிட்டு வருவார். அக்கா போடுகிற தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மறுபடி ரயிலேறுவார். ரயில் காசையும் கூட்டினால் எவ்வளவு மிச்சம் என்று பிரபாலினி ஒருநாள் கேட்டாள். அவர் அந்தக் கணக்கைப் போடவில்லை. போட்டுவிட்டால் விடையைப் பார்க்க வேண்டி வருமே.

கொண்டாட்டங்களுக்கு அவரும் அத்தானும் காரில் போவார்கள். இரண்டு இருக்கை என்பதால் அக்கா பட்டுச்சேலையோடு பஸ்ஸில் வருவாள். பிரபாலினி அந்தப் பக்கத்துக்கே வரமாட்டேன் என்றுவிட்டாள். தம்பித்துரை அத்தான் கார் ஓட்டவே மாட்டார். அந்த உறுமலைக் கேட்டாலே இரண்டடி தள்ளி நிற்பார். பக்கத்து இருக்கையில் முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டு இருப்பார். ஆனால் வெளியில் நின்று பார்க்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்? கதவைத் திறந்து ஒருவர் வேட்டியோடு மெதுவாக இறங்குகிறார், ஓட்டி வந்தவர் தரிப்பிடம் தேடிப் போகிறார். முதலாளி யார், சாரதி யார் என்று பார்ப்பவர்களே முடிவு செய்துகொண்டார்கள். காரின் பின்னால் கரடிச் சின்னம் போட்ட பேர்ன் இலக்கத் தகடு வேறு.

சிறீதரனுக்கு அது விளங்கியது ஒரு சாமத்திய வீட்டில், ஒரு பெண் பிள்ளையின் பூப்புனித விழாவில். பீலுக்கு வெளியே பெரிய மண்டபம், நானூறு பேர். பெண் பிள்ளையைத் தட்டோடு மேடைக்குக் கூட்டி வருகிற நேரம் பார்த்து ஒலிவாங்கி உயிர் பெற்றது. அறிவிப்பாளர் சிந்துஜன் எந்தக் கொண்டாட்டத்திலும் செந்தமிழில்தான் பேசுவான்.

"அன்பான உறவுகளே, மண்டபத்தின் பின்வாசலை மறித்து ஒரு சிவப்பு நிற வாகனம் நிற்கிறது. சாப்பாடு கொண்டு வந்த வாகனம் உள்ளே வர முடியாமல் இருக்கிறது. தயவுசெய்து..."

சிறீதரன் கதிரையில் நிமிர்ந்தார். இதோ வருகிறது. நானூறு பேருக்கு முன்னால், ஒலிவாங்கியில்! வேண்டுமென்று மறித்து விட்டாரா என்று கேட்டால் அவர் கோயிலில் சத்தியம் செய்ய மாட்டார்.

"...எங்கள் மதிப்புக்குரிய தம்பித்துரை அண்ணை அவர்களின் வாகனம் அது என்று இப்போது அறியத் தந்திருக்கிறார்கள். அண்ணை அவர்கள் எழும்ப வேண்டாம். அவருடைய மச்சான் எடுத்து விடுவார்."

மண்டபம் சிரித்தது. சிறீதரன் கார்த் திறப்போடு எழும்பினார். வாசலில் நின்ற ஜெனுசன், கல்யாணவீட்டுச் சோடனைக்காரன், அன்போடு தோளில் தட்டினான். "பாத்து எடுங்கோ அண்ணை. அத்தான்ர கார், எங்கையும் உரசிப்போடாதேங்கோ."

சோற்றுச் சட்டிகள் உள்ளே போகும்வரை அவர் காருக்குள்ளேயே இருந்தார். வெட்கம் என்றால் சாதாரண வெட்கமில்லை, காது மடல் சுட்டது. ஒரு வசனத்துக்காகச் சேமிப்பைக் கொட்டி, பிறகு வரிக்குப் பயந்து அந்த வசனத்தையே இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்த மனிதனைப் போல ஒரு விசரனை இந்த நாட்டில் விளக்குப் பிடித்துத் தேடினாலும் காண முடியாது என்று அவருக்குத் தோன்றியது. காரின் கண்ணாடியில் தேடவேண்டிய அவசியமே இல்லாமல் ஒருவன் தெரிந்தான்.

சாப்பாட்டு மேசையில் அத்தானைப் பிடித்தார். "நீங்கள் ஒருத்தருக்கும் உண்மையைச் சொல்லேல்லையோ?"

"சொன்னனான் தம்பி. அம்மாளாணைச் சொன்னனான்," என்றார் தம்பித்துரை. "என்ர கார் இல்லை எண்டு சொல்லச் சொல்ல, 'பாத்தியளோ, என்ன அடக்கமான மனுசன்' எண்டு இன்னும் கூடச் சொல்லுறாங்கள். நான் என்ன செய்ய?"

வடையைப் பிய்த்தபடி அவர் குரலைத் தாழ்த்தினார். "பொய் சொல்லக் கூடாது தம்பி. கடைசியா ரெண்டு மூண்டு தரம் நான் சொல்லேல்லை. இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தொரு வருசம். முன் வரிசையில எனக்குக் கதிரை போட்டது இப்பதான்."

சிறீதரனுக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. வந்ததும்தான். ஆனால் அது யார் மேல் என்று தெரியாமல் நடுவில் நின்றுவிட்டது.

வீட்டுக்குப் போய், "காரை என்ர பேருக்கு மாத்தப் போறன், எவ்வளவு வந்தாலும் பரவாயில்லை," என்று அறிவித்தார்.

"அப்ப அந்தப் புகைக் காசு?"

"கட்டுவன். நான் விட்ட புகைக்கு நான்தானே கட்டவேணும்."

"அதுதான் சட்டத்திலயும் எழுதியிருக்கு," என்றாள் பிரபாலினி. "அதை உங்களுக்கு விளங்கப்படுத்த ஒரு சாமத்திய வீடு தேவைப்பட்டிருக்கு."

பேர்ன் தகட்டைக் கொடுத்து நொஷாத்தல் தகட்டை வாங்கினார். ஆறுமாதம் பனி கிடக்கும் தன் தெருவிலேயே ஒரு தரிப்பிடம் வாடகைக்கு எடுத்தார். மூன்று கிழமையில் வாகன வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. முதல் வரியில் "திருவாளர் சிறீதரன்" என்றும் அடுத்த வரியில் "உங்கள் வாகனம்" என்றும் பிரெஞ்சில் அச்சடித்திருந்தது. கீழே இருந்த தொகையை அவர் ஒருமுறைதான் பார்த்தார். மேலே இருந்த இரண்டு வரிகளையும் மூன்று முறை வாசித்தார்.

அடுத்த சனிக்கிழமை பீலில் ஒரு கல்யாணம். சிறீதரன் பட்டுச் சேர்ட்டைப் போட்டு, அந்தக் கடிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். கல்யாணத்துக்கு மொய்க் கவரோடு போகிறவர்களை உலகம் கண்டிருக்கிறது. வரிக் கடிதத்தோடு போன முதல் ஆள் தானாகத்தான் இருக்கும் என்பது அவருக்கே தெரிந்தது. தெரிந்தும் வைத்தார். யாராவது கேட்கட்டும், விரித்துக் காட்டிவிடுவார்.

கேட்டார்கள். மண்டப வாசலில் காரைச் சுற்றி ஏழெட்டுப் பேர் கூடி, புதுத் தகட்டைக் குனிந்து பார்த்தார்கள்.

"என்ன சிறீ அண்ணை, கார் இப்ப உங்கட பக்கத்துத் தகட்டோட நிக்குது?" என்று கேட்டான் ஜெனுசன்.

"ஓம். என்ர பேரில பதிஞ்சாச்சு," என்றார் சிறீதரன், நெஞ்சை நிமிர்த்தி.

எல்லோரும் தகட்டை இன்னொரு முறை பார்த்தார்கள். பிறகு ஜெனுசன் உள்ளே பார்த்துக் கூவினான். "கேட்டியளோ? தம்பித்துரை அண்ணை காரை மச்சானுக்கே குடுத்திட்டாராம்!"

"சும்மாவோ?"

"பின்னை? வித்திருந்தா இவர் வாங்கியிருப்பாரோ?"

ஆட்கள் மண்டபத்துக்குள் போய்த் தம்பித்துரையைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் முன் வரிசைக் கதிரையிலிருந்து பாதி எழும்பி, "ஐயோ, இல்லை, அது தம்பியின்ர காசு, நான் ஒண்டும் குடுக்கேல்லை" என்று கையை ஆட்டினார். "பாருங்கோ, குடுத்ததைச் சொல்லவும் விடமாட்டார்," என்று ஒரு அம்மா கண் கலங்கினாள். தம்பித்துரை உதவி கேட்கிற மாதிரிச் சிறீதரனைப் பார்த்தார்.

சிறீதரனின் கை சட்டைப் பைக்குப் போனது. கடிதம் விரலில் தட்டுப்பட்டது. எடுத்து விரித்தால் போதும். அலுவலகத்தின் முத்திரையோடு எல்லாம் அதில் இருந்தது. அப்போதுதான் அத்தானின் மற்றக் கையைக் கண்டார். ஒரு கை இல்லை இல்லை என்று ஆட்டிக்கொண்டிருக்க, மற்றக் கை அந்த முன் வரிசைக் கதிரையின் முதுகை இறுக்கிப் பிடித்திருந்தது. சைக்கிளும் வேலையுமாகப் போன முப்பத்தொரு வருடத்தையும் அந்தக் கையில் கண்டார். கடிதத்தை மடித்தபடியே பைக்குள் விட்டார்.

"ஓம்," என்றார் எல்லோருக்கும் கேட்க. "அத்தான் தந்ததுதான்."

தம்பித்துரை வாயைத் திறந்தபடியே கதிரையில் இருந்துவிட்டார்.

பின்னேரம், வெயில் இறங்க முன்னம், அத்தானை வீட்டில் விடுவதற்காக இருவரும் காரில் திரும்பினார்கள். அக்கா வழக்கம்போலப் பஸ்ஸில். தம்பித்துரை முழங்காலைப் பிடித்தபடி இருந்தார்.

"பைக்குள்ள கடிதத்தோட வந்தனி," என்றார் கடைசியில். "சேர்ட்டுக்குள்ளால முத்திரை தெரிஞ்சது. ஏன் எடுக்கேல்லை?"

"பிரெஞ்சுக் கடிதம் அத்தான். இந்தப் பக்கத்துச் சனத்துக்கு ஜெர்மன்தானே விளங்கும்."

பீலில் இரண்டு மொழியும் பேசுவார்கள். தம்பித்துரை அந்தப் பொய்யை மரியாதையாக ஏற்றுக்கொண்டார். ஏரி வந்தது. அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டே, யாருக்கோ சாட்சி சொல்கிறவர் போலச் சொன்னார்:

"ஆர் என்ன சொன்னாலும், இது சிறீதரன்ர கார்."

மூன்று வருடம் காத்திருந்த வசனம். கேட்க நானூறு பேர் வருவார்கள் என்று நினைத்திருந்தார். வந்தது இரண்டு இருக்கைக்கு அளவான கூட்டம். சிறீதரனுக்குக் கண் கரித்தது. தும்மல் வருகிறது என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு காலை அழுத்தினார். கார் ஏரிக்கரை அதிரும்படி உறுமியது, அத்தான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அந்தச் சத்தத்துக்கு எத்தனை கிராம் புகை போனதோ தெரியாது. எத்தனை என்றாலும், இந்த வருடத்துக்குச் சிறீதரன் கட்டத்தானே போகிறார்.