விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய ஒரு பக்கம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை எனக்காகத் தோன்றியதல்ல. அண்ணி சொல்லி எழுத உட்கார்ந்தது. அண்ணி ஓர் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியை. படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கென்று அரசு தரும் சிறப்பு நிதியில்தான் அங்கே வாசிப்பு டீச்சர் ஒருவர் இருக்கிறார். உடைந்த பெஞ்சுகள் கிடந்த அறையைக் காலி செய்து, பத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து, வரிக்குக் கீழே விரலை நகர்த்தி நகர்த்தி வாசிக்கச் சொல்லித்தருகிறார். வருடா வருடம் அந்த நிதிக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். கூடவே ஒரு பிள்ளையின் உண்மைக் கதையையும் ஒரு பக்கத்தில் இணைக்க வேண்டும்.

"தம்பி, நீங்கதான் எழுத்தாளராச்சே. படிக்கிறவங்க மனசு இளகணும். ஆனா பிள்ளை தேறிட்டான்னு மட்டும் எழுதிடாதீங்க. போன வருஷம் பக்கத்து ஸ்கூல்ல அப்படித்தான் எழுதினாங்க. 'தேறிட்டாங்கல்ல, அப்புறம் எதுக்கு டீச்சர்?'னு ஆபீசருங்க நிதியை நிறுத்திட்டாங்க."

ஒருத்தி கரையேறிவிட்டாள் என்று தோணியை உடைக்கிற கணக்கு. நான் என்ன செய்ய? அண்ணி சொல்லைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை.

2

தொடக்கம் ஒன்று: "வறுமையின் கோரப்பிடியில்..." (வேண்டாம். எனக்கே குமட்டுகிறது.)

தொடக்கம் இரண்டு: "சலவைக்கடையில் துணி தேய்க்கும் அந்தத் தாயின் கண்ணீர்..." (அந்த அம்மாவை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் கண்ணீர் சரளமாக வந்தது. வைத்துக்கொண்டேன்.)

அண்ணி கதைக்குத் தேர்ந்த பிள்ளைக்கு ஒன்பது வயது. வகுப்பில் பட்டப்பெயர் வாயாடி. ஊர்க்கதையெல்லாம் பேசுவாள், புத்தகத்தைத் திறந்தால் மட்டும் ஊமை என்றார் அண்ணி.* போதாதா? உப்பும் காரமும் சேர்த்து ஒரே மூச்சில் முடித்தேன்.

(* "அதெல்லாம் போன வருஷம்" என்றும் அண்ணி சொன்னார். அதை அடிக்குறிப்பில் ஒளித்திருக்கிறேன் பாருங்கள், அவ்வளவுதான் என் யோக்கியதை.)

3

பெற்றவரின் கையெழுத்து வேண்டும் என்று விதி. சாயங்காலம் சலவைக்கடைக்குப் போனேன். அம்மா இஸ்திரிப் பெட்டியோடு சட்டைக் காலரில் இருந்தார். பக்கத்தில், மடித்த துணிகளுக்கு நூல் கட்டியபடி, ஓயாமல் பேசிக்கொண்டு ஒரு சின்னப் பெண்.

"கை ஒழியல சார். பாப்பா, நீ படி. கேட்டுக்கறேன்."

"இல்லம்மா, நானே படிக்கிறேன்" என்று கை நீட்டினேன். அதற்குள் தாள் அவளிடம் போய்விட்டது. விரலை வைத்தாள். 'சலவைக்கடை'யில் கொஞ்சம் தடுக்கினாள், கண்ணீரைத் தாண்டினாள், பிறகு வேகமெடுத்தாள்.

"'இந்தச் சிறுமியால்... இன்றுவரை ஒரு வரியைக்கூட முழுதாக வாசிக்க முடியவில்லை.'"

முழுதாக வாசித்துவிட்டுத்தான் நிறுத்தினாள்.

"அம்மா, இது நானா?"

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல நின்றேன். வெட்கமாக இருந்தது. அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"நான் எப்ப சார் அழுதேன்? இவ மொதல்முதலா பஸ் போர்டைப் படிச்சப்போ அழுதேன். அதை யாரும் எழுதலையே?"

எல்லாவற்றையும் சொன்னேன். நிதி, பக்கத்துப் பள்ளி, டீச்சர். அவர் கேட்டுக்கொண்டே இரண்டு சட்டையைத் தேய்த்து முடித்தார்.

"இவளுக்கு அப்புறம் அந்த ரூம்ல இன்னும் ஒம்பது பிள்ளைங்க இருக்குதுங்க" என்றார் கடைசியில். "பேனாவைக் கொடுங்க."

கையெழுத்துப் போட்டார். நான் தடுக்கவில்லை.

அப்போதுதான் வாயாடி என் சட்டையை இழுத்தாள். "மாமா, ஆபீசர் வந்து பாப்பாரா?"

"வருவார்னு அண்ணி சொன்னாங்க."

"அப்ப நான் வாசிக்க மாட்டேன். தெரியாத மாதிரியே நிக்கிறேன். டீச்சர் இருப்பாங்கல்ல?"

4

முடிவு ஒன்று: நான் தாளைக் கிழித்துவிட்டு உண்மையை எழுதுகிறேன். அதிகாரி மனமிளகி... (சும்மா இருங்கள். பக்கத்துப் பள்ளியும் உண்மையைத்தான் எழுதியது.)

முடிவு இரண்டு: பொய்த் தாளையே அனுப்புகிறேன். டீச்சர் இருக்கிறார். வாயாடி அன்று ஊமையாக நின்றதை அவரே பார்த்து... (இதற்கு மேல் எழுத வரவில்லை.)

எழுதிப் பிழைக்கிறவன் கைவிரித்துவிட்டேன் என்று வையாதீர்கள். சலவைக்கடை அம்மா கையெழுத்திட்ட தாளும், நேற்று நான் எழுதிய உண்மைத் தாளும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. எதை அனுப்பினாலும் அதிகாரி வரத்தான் போகிறார். அந்த அதிகாரியாக உங்களைத்தான் போட்டிருக்கிறேன்.

உட்காருங்கள். உடைந்த பெஞ்சுகள் இருந்த அறை இதுதான். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு அவள் உங்கள் முன்னால் நிற்கிறாள், வாயை இறுக மூடிக்கொண்டு. பின்னால் டீச்சர், ஒன்றும் புரியாமல். வாசி என்கிறீர்கள். தெரியாது என்று தலையாட்டுகிறாள்.

ஆனால் அவள் விரல் வரிக்குக் கீழே நகர்ந்துகொண்டிருக்கிறது. நீங்கள் அதைப் பார்த்துவிட்டீர்கள்.