இடுப்புக்குக் கீழே உள்ள பத்திகள்

"கண்புரை, இடது," என்றாள் மெரானியா.

"சரி," என்றது கணினி, அலாஸ்டரின் குரலில்.

"கண்புரை, வலது."

"சரி. ஏம்மா, ரெண்டு கண்ணும் போனவனுக்குத் தனியா ஒரு பத்தி வேண்டாமா?"

"அதெல்லாம் உனக்கு எதுக்குய்யா? உன் ஆட்சி இடுப்புக்குக் கீழதான்."

மெரானியா வெலிங்டனை ஒட்டிய வைனுயோமாட்டாவில் தன் சமையலறை மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். அலாஸ்டர் நாட்டின் தென்கோடியில், இன்வர்கார்கிலில், படுக்கையறை ஜன்னலோரம் இருந்தார். நடுவே ஒரு கடலும் ஒரு முழுத் தீவும் கிடந்தன. அந்தத் தெற்கத்திக்காரர்கள் ரகரத்தை உருட்டுகிற உருட்டு இருக்கிறதே, அலாஸ்டர் ஒரு 'சரி' சொன்னால் இங்கே மெரானியாவின் தேநீர்க் கோப்பை தட்டில் அரைவட்டம் சுற்றி நிற்கும்.

ஆஸ்பத்திரிகளிலிருந்து வாரம் ஒருமுறை ஒரு பெரிய அட்டவணை வரும். ஒரு வரிக்கு ஒரு ஆள். பெயர் கிடையாது, எந்த ஊர், என்ன அறுவை சிகிச்சை, எந்தத் தேதியிலிருந்து காத்திருக்கிறார் என்பது மட்டும் இருக்கும். நான்கு மாதக் கெடுவைத் தாண்டியவர் யார் யார் என்று பார்க்க, அட்டவணையில் ஒவ்வொரு அறுவைக்கும் மேலிருந்து கீழாகப் புதிதாக ஒரு பத்தி உண்டாக்க வேண்டும். தாண்டியிருந்தால் ஒன்று, இல்லையென்றால் பூஜ்யம். ஒரு பத்திக்குக் கணினியில் ஒரு வரி நிரல் எழுத வேண்டும். முந்தைய வரியைப் படியெடுத்து, அறுவையின் பெயரை மட்டும் மாற்றி, மறுபடி ஓட்டுவார்கள். உச்சந்தலையிலிருந்து இடுப்பு வரை மெரானியா, இடுப்பிலிருந்து கால் நகம் வரை அலாஸ்டர். பிறகு ஒருவர் பத்தி பத்தியாக வாசிக்க, மற்றவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அது நிறுவனத்தின் விதி.

நிறுவனம் வெலிங்டனில் இருந்த தன் மாடி அலுவலகத்தைக் காலிசெய்தபோது ஆளுக்கொரு கணினியும் ஒரு சுழல் நாற்காலியும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மெரானியாவின் கணவர் டவுப்போ ஏரிக்கு மீன் பிடிக்கப் போய், அங்கே ஒரு விதவையிடம் தானே மாட்டிக்கொண்டவர். மகள் பெர்த்தில் இருந்தாள்; பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் பேசுவாள், அதுவும் காரோட்டிக்கொண்டே. வைனுயோமாட்டாவின் காற்று மட்டும் தவறாமல் வந்து போகும். போன மாதம் அது பக்கத்துத் தெருக் குழந்தைகள் குதித்து விளையாடும் வலைக்கட்டிலைத் தூக்கிவந்து மெரானியாவின் கொல்லையில் இறக்கிவிட்டது. யாராவது கேட்டு வருவார்கள், தேநீர் போட்டுக் கொடுக்கலாம் என்று காத்திருந்தாள். அதைத் தேடிக்கூட யாரும் வரவில்லை.

ஆக, நாளெல்லாம் அவள் காதில் விழுந்த மனிதக் குரல் அந்தச் சரிதான்.

இந்தப் பத்திகளை எல்லாம் ஒரே லூப்பில் போட்டுவிடலாம் என்று இருவருக்கும் தெரியும். அறுவைகளின் பெயர்களை வரிசையாகக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி போட்டுக்கொண்டே போ என்று சொன்னால், நாம் ஒரு தும்மல் போட்டு மூக்கைத் துடைப்பதற்குள் இயந்திரம் போட்டு முடித்துவிடும். தெரிந்தேதான் போடவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே பேசி முடித்த விஷயம் அது.

"லூப் போட்டா திங்கக்கிழமை தேத்தண்ணி ஆறறதுக்குள்ள வாரமே முடிஞ்சிடும்மா," என்றிருந்தார் அலாஸ்டர். "மிச்ச நாளெல்லாம் நான் யாரைத் திட்டறது?"

"சுவத்தைத் திட்டு."

"சுவரு திருப்பித் திட்டாதே."

அலாஸ்டருக்கு வலது இடுப்பு தேய்ந்து போயிருந்தது. நாற்காலியிலிருந்து எழும்போது அவர் போடும் சத்தத்துக்கு இன்வர்கார்கில் துறைமுகத்தில் கப்பல்கள் பதில் ஊதும் என்பாள் மெரானியா. அவரும் அதே அட்டவணையில் ஒரு வரிதான். ஊரையும் தேதியையும் வைத்துத் தன் வரியை அவர் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்.

"இந்த வாரமும் எனக்கு நானே ஒண்ணு போட்டுக்கிட்டேன்," என்பார். "ராஜாவுக்குக்கூட இந்த பாக்கியம் கிடையாது."

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வழக்கமான நேரத்துக்கு முன்பே கூப்பிட்டார். முகம் திரையில் முழுதாகத் தெரியவில்லை, நெற்றி மட்டும்தான்.

"எவனுக்கோ ஜலதோஷமாம், வரலையாம். அவன் இடத்துல நாளைக்குக் காலைல வரீங்களான்னு ஆஸ்பத்திரிலேர்ந்து கேக்கறாங்க."

"வரேன்னு சொல்லிட்டியா?"

"யோசிச்சு சொல்றேன்னேன்."

"யோசிக்கறியா! இடுப்பு மாத்தறதுக்கு யோசிக்கற ஒரே மனுஷன் இந்த நாட்டுலயே நீதான்."

"வியாழக்கிழமை சாயங்காலம் என் பாதி போகலைன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். அவர்கள் ஒப்பந்தக்காரர்கள், நோய் விடுப்பு என்று ஒன்று அவர்களுக்குக் கிடையாது. முன்பு முதுகுத்தண்டுப் பத்திகளைச் செய்துகொண்டிருந்த பெண் ஒருத்தி பிரசவ வலியில் ஒரு வாரம் தவறவிட்டாள். அடுத்த திங்கள்கிழமை அவளால் கணினிக்குள் நுழையவே முடியவில்லை. கடவுச்சொல் செத்திருந்தது.

"அடுத்த முறை கூப்பிடுவாங்கம்மா."

"அடுத்த முறை உன்னைச் சவப்பெட்டியிலேர்ந்துதான் கூப்பிடணும். போய்யா. உன் பாதியை நான் பாத்துக்கறேன்."

நெற்றி திரையை நெருங்கி வந்தது.

"உன்னால எப்படி ரெண்டு பாதியும்?"

"நான் என்னமோ பண்றேன். போய்ப் பல்லை விளக்கி, சுத்தமான உள்ளாடை எடுத்து வை."

புதன்கிழமை காலையில் மெரானியா கணக்குப் போட்டுப் பார்த்தாள். உட்கார்ந்த இடத்தில் வேர்விட்டு, கிளைவிட்டு, பழம் பழுத்தாலும் இரண்டு பாதியும் கையால் முடியாது. ரொட்டியில் உப்புக்கரிக்கும் மார்மைட் பசையைத் தடவி, கடிக்காமலே தட்டில் வைத்துவிட்டு, கீழ்ப்பாதிக்கு மட்டும் லூப் எழுதினாள். இடுப்பு, தொடை, முழங்கால், கணுக்கால் என்று பெயர்களை அடுக்கினாள். ஒவ்வொரு சுற்றிலும் அடுத்த பெயரை எடு, அந்தப் பெயரில் ஒரு பத்தி உண்டாக்கு, ஒன்றோ பூஜ்யமோ போடு. ஓட்டினாள்.

திரையில் ஒரே ஒரு பத்தி வந்து நின்றது. அதன் தலைப்பு 'பெயர்'. இயந்திரம் அவள் அடுக்கிய பெயர்களில் ஒன்றையும் தலைப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் 'பெயர்' என்ற அதே பத்தியை அழித்து அழித்து எழுதி, கடைசியாக வந்த கால் நகத்தோடு ஓய்ந்திருந்தது. நாட்டிலுள்ள அத்தனை முழங்கால்களும் இடுப்புகளும் மறைந்து, ஜனங்களுக்கு இருந்த ஒரே நோய் உள்வளர்ந்த கால் நகம் என்று ஆகியிருந்தது.

இங்கே மாற்றினாள், அங்கே மாற்றினாள். கால் நகம் நகரவில்லை. கடைசியில் அலாஸ்டரின் கைபேசிக்கே கூப்பிட்டாள். பின்பக்கம் திறந்த ஆஸ்பத்திரி அங்கியில், சக்கரக் கட்டிலில் படுத்தபடி எடுத்தார்.

"இன்னும் உள்ள தள்ளலை. எனக்கு முன்னால ஒருத்தன் தோளோட போயிருக்கான். உன் பாதி ஆளுதான்."

"எல்லாமே கால் நகமாப் போச்சுய்யா," என்று சொல்லி அந்த வரியை வாசித்துக் காட்டினாள்.

பின்னால் யாரோ ஒரு இரும்புத் தட்டைக் கீழே போட்டார்கள்.

"லூப் போடறியா?"

"உன் பாதிக்கு மட்டும். இந்த ஒரு தடவை."

"ம்." பிறகு அவருடைய பழைய குரல் வந்தது. "பெயரைச் சுத்தி அடைப்புக்குறி போடும்மா. போடலைன்னா அது 'பெயர்'ங்கற சொல்லையே தலைப்புன்னு நினைச்சுக்கும். அடைப்புக்குறி போட்டாதான் உள்ள என்ன இருக்குன்னு திறந்து பாக்கும். இந்த வேலைக்கு வந்த எல்லாரும் முதல்ல இந்தக் குழியில விழுந்தவங்கதான்."

அவள் போட்டாள். இடுப்பிலிருந்து கால் நகம் வரை அத்தனை பத்திகளும் குழாயைத் திறந்ததுபோல் வரிசையாக வந்து விழுந்தன.

"வந்துடுச்சு!"

"வந்துடுச்சா? இதோ என்னையும் தள்ளறாங்க. என் வரியில ஒண்ணை மாத்திப் பூஜ்யம் போட்டுடாத. வெட்டி முடிக்கற வரைக்கும் நான் காத்திருக்கறவன்தான்."

தன் பாதியை அவள் வழக்கம்போலவே ஒவ்வொரு வரியாகக் கையால் செய்தாள். வாசிக்கும் நேரத்தில் தானே வாசித்துத் தானே சரி சொல்லிக்கொண்டாள். அவள் சொன்ன சரிக்குக் கோப்பை அசையவில்லை. வியாழக்கிழமை இரண்டு பாதிகளும் அவரவர் பெயரில் போய்ச் சேர்ந்தன.

வெள்ளிக்கிழமை காலையில் மேலாளர் ட்ரிஸ்டன் கூப்பிட்டான். மெரானியாவின் மகளைவிட இளையவன். அவன் சிரித்தால் திரையின் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டியிருக்கும், அப்படி ஒரு பல் வரிசை.

"மெரானியா, ஒரு சின்ன சந்தேகம். அலாஸ்டரோட பத்தி எல்லாமே ஒரே விநாடில உண்டாயிருக்கு. உங்களுது பாத்தா வாரம் பூரா இழுத்திருக்கு. அவர் ஏதோ பெரிய வித்தை பண்ணியிருக்காரு. லூப்பா?"

"லூப்தான்."

"எழுதினது அவரா?"

சேர்ந்த நாளிலிருந்து எதை யார் செய்தார்கள் என்று அவளை யாரும் கேட்டதில்லை. வாரம் பூரா இழுத்திருக்கு என்ற சொல் வேறு காதிலேயே நின்றது.

"இல்ல. நான்," என்றாள். "ரெண்டு பாதியும் நான்தான். அவர் ஆஸ்பத்திரில இருக்காரு."

"அருமை!" ட்ரிஸ்டன் மேசையைத் தட்டினான். அவனுக்கு உண்மையிலேயே சந்தோஷம். "அப்ப இந்த வேலைக்கு ஒரே ஆள் போதும்."

"நான் அப்படிச் சொல்லலையே."

"லூப் சொல்லுதே."

"அந்த அடைப்புக்குறி அவர் சொன்னது, ட்ரிஸ்டன். அவர் சொல்லலைன்னா எல்லாம் கால் நகத்துலயே நின்னிருக்கும்."

"நல்ல மனுஷன்தான். ஆனா ஒரு அடைப்புக்குறிக்காக ஒப்பந்தம் போட முடியாது இல்லையா?"

"ரெண்டாவது ஆள் வாசிச்சுப் பாக்கணும்னு விதி இருக்கே."

"சரிபாக்கறதையும் லூப்புக்குள்ள போட்டுடுங்களேன். மெஷினே பாத்துக்கட்டும். கவலைப்படாதீங்க, அவர்கிட்ட இப்பச் சொல்ல மாட்டேன். உடம்பு தேறி வரட்டும். மனிதாபிமானம்னு ஒண்ணு இருக்கில்ல."

அவள் வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அடுத்த அழைப்பு வந்துவிட்டதென்று அவன் போய்விட்டான்.

பதினொரு மணிக்கு வாராந்திரக் கூட்டம். நாடு முழுவதும் சமையலறைகளிலும் படுக்கையறைகளிலும் கார் கொட்டகைகளிலும் இருந்த முகங்கள் சதுரம் சதுரமாகத் திரையில் வந்து அடைந்தன. எல்லோருடைய ஒலியும் அணைந்திருந்தது. ட்ரிஸ்டன் மட்டும் பேசினான். மெரானியாவின் பெயரைச் சொன்னான். ஒரே விநாடி என்றான். அதை இரண்டு முறை சொன்னான்.

அப்போதுதான் கடைசிச் சதுரம் ஒன்று திறந்தது. முதலில் விட்டத்து விளக்கு தெரிந்தது. பிறகு ஒரு மோவாய். பிறகு தலையணையில் சாய்ந்த அலாஸ்டர். முகம் வேகாத மாவு நிறத்தில் இருந்தது. இரண்டு நாள் தலைகாட்டாவிட்டால் தன்னைச் சோம்பேறி என்று நினைப்பார்களோ என்று கூட்டத்துக்கு வந்திருந்தார். காதைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தார். காதில் மாட்டும் ஹெட்போனைக் கொண்டுவரவில்லை. பக்கத்துக் கட்டிலைச் சுட்டி, கன்னத்தில் கைவைத்துத் தூங்குவதுபோல் காட்டினார். ஆகவே கைபேசியில் சத்தத்தையும் வைக்க முடியாது; அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மெரானியா ட்ரிஸ்டனை நோக்கிக் கையை உயர்த்தி ஆட்டினாள்.

"இருங்க, இருங்க, அடக்கமெல்லாம் அப்புறம்," என்று சிரித்தான் ட்ரிஸ்டன். "இன்னும் முக்கியமானதைச் சொல்லலையே. அடுத்த மாசத்துலேர்ந்து அலாஸ்டரோட பாதியையும் சேத்து அந்த மொத்த அட்டவணையையும் மெரானியாவே பாத்துக்கப் போறாங்க. ரெண்டு பேர் வேலை, ஒரே ஆள், ஒரே லூப். எல்லாரும் கைதட்டுங்க!"

சதுரங்களில் கைகள் எழுந்தன. சத்தமில்லாமல் எல்லோரும் தட்டினார்கள். மெரானியாவின் கைகள் மேசைமேல் மார்மைட் தட்டின் இரண்டு பக்கமும் கிடந்தன.

அலாஸ்டர் திரையை ஒருமுறை உற்றுப் பார்த்தார். எல்லோரும் தட்டுவதைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. ஒரு கையில் ஊசி குத்திக் குழாய் போட்டிருந்தார்கள். அதை அசைக்காமல், மற்ற கையால் போர்வைக்கு மேலே வெட்டுப்படாத தொடையைத் தட்டினார். பிறகு நிறுத்தி, அந்தக் கையின் ஒரு விரலாலேயே எழுத்தெழுத்தாகத் தேடி எதையோ அடித்தார். திரையின் ஓரத்தில் அது எல்லோருக்கும் தெரியும்படி வந்தது.

"யாருக்குன்னு தெரியல. இருந்தாலும் பலமாவே தட்டினேன்."

சதுரங்களில் சிலர் கையை இறக்கினார்கள். ஒருவர் தன் கேமராவை அணைத்துவிட்டார். அலாஸ்டர் மறுபடியும் தொடையைத் தட்டத் தொடங்கியிருந்தார்.