வெள்ளை நரிக்குட்டிகளும் என் முழிவியளமும்

ஹெந்தளைப் பக்கத்தில் தனியார் ஒருவர் நடத்தும் மிருகக்காட்சிச்சாலையில் தமிழ் அறிவித்தல்கள் எழுதுவது என் வேலை. 'கூண்டுக்குள் கை நீட்டாதீர்', 'குரங்குக்குப் பகிடி விடாதீர்' என்பவற்றுக்கு மேல் என் இலக்கியம் வளர்ந்ததில்லை. சென்ற மாதம் மண்ணிற நரிச் சோடி ஒன்றுக்கு மூன்று குட்டிகள் பால்வெள்ளையாகப் பிறந்தன. அன்றைக்குத்தான் எனக்குள் இருந்த கவிஞன் விழித்துக்கொண்டான். அவன் தூங்கியே இருந்திருக்கலாம். மூன்று கிழமை கழித்துக் குட்டிகளைக் கண்ணாடி அறையில் காட்சிக்கு வைத்தபோது, முகநூலில் அவற்றின் படத்துக்குக் கீழே எழுதினேன்: 'நரி முகத்தில் முழித்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். வெள்ளை நரி என்றால் கேட்கவா வேண்டும்? காலை ஆறு மணிக்கே வாருங்கள்!'

பகிடிக்குத்தான் எழுதினேன். மறுநாள் விடியலில் வாசலில் ஐம்பது பேர். அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள்.

காலையில் கண் திறந்ததும் முதலில் படுகிற முகம்தான் அன்றைய முழிவியளம் என்பது எங்கள் ஆட்களின் கணக்கு. கட்டிலில் திறந்திருக்க வேண்டிய கண்களை வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் மூடியபடியே ஓட்டோவில் ஏற்றி வந்திருந்தார்கள். சிலர் கைலேஞ்சியால் கட்டியிருந்தார்கள். ஒருவர் விமானத்தில் தருகிற கறுப்புக் கண்மூடி போட்டிருந்தார். இன்னொருவர் மட்டையில் வெட்டிய ஒட்டகச்சிவிங்கியின் காலைத் தடவி, "அண்ணே, நரி எந்தப் பக்கம்?" என்று மரியாதையாக விசாரித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கூட்டத்தில் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு என் அக்கா அன்னபாக்கியமும் நின்றாள். அவளுடைய மகன் கிஷாந்துக்கு அன்று பத்து மணிக்குக் கனடா விசா நேர்முகம்.

"அக்கா, நான் பிரியந்தன். கண்ணைத் திற, விழப்போறாய்."

"விசரே உனக்கு? திறந்தா உன்ர மூஞ்சியில எல்லோ முழிக்க வரும்! சின்னனில இருந்து முழிச்சு நான் கண்ட பலன் போதும். கையைப் பிடி."

கையைப் பிடித்துக் கண்ணாடி அறைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். "இப்ப திற" என்றேன்.

திறந்தாள். அந்த நேரம் பார்த்து உள்ளே குனிந்திருந்த நிஷாந்தினி நிமிர்ந்தாள்.

நிஷாந்தினிதான் குட்டிகளைப் பார்க்கிறவள். தேயிலைத் தோட்டத்திலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வந்து சேர்ந்த பிள்ளை. லொறி ஓட்டிய கணவன் இரண்டு வருடத்துக்கு முன் விபத்தில் இறந்துவிட்டான். தாய் நரி பிறந்த அன்றே குட்டிகளைக் கிட்ட எடுக்காததால், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை போத்தலில் பால் கொடுத்து மூன்றையும் தக்கவைத்தவள் அவள்தான். ஆள் மாறினால் குடிக்க மாட்டா என்று மிருக வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அக்கா திரும்பக் கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினாள். "ஐயோ, இவளே! நீ சொன்ன அந்தப் பிள்ளையெல்லோ இது!"

ஆமாம், நிஷாந்தினியின் கதையை இரக்கத்தோடு அக்காவுக்குச் சொன்னவனும் நான்தான்.

"அந்த முகத்தில என்ன பிழை, அக்கா?"

"உனக்குத் தெரியாதோ? கனக்கக் கதைக்காதை."

மத்தியானம் கிஷாந்துக்கு விசா இல்லை என்று தகவல் வந்தது. வங்கிக் கடிதத்தை வீட்டில் மறந்துவிட்டுப் போனவன் அவன். ஆனால் அது வங்கிக் கடிதத்தின் பிழை என்று ஒருவரும் சொல்லவில்லை. பின்னேரத்துக்குள் பதினொரு பேர் கையெழுத்திட்ட முறைப்பாடு முகாமையாளர் வின்சன்ற்றின் மேசைக்கு வந்துவிட்டது.

"மிஸ்டர் பிரியந்தன், பப்ளிக் விரும்பேல்ல மேன்" என்றார் வின்சன்ற். "அந்தப் பிள்ளையக் கிளிக்கூட்டுப் பக்கம் போடுவோம். நரிக்கு நீங்களே பால் குடுங்க."

"அவட முகத்தில என்ன பிழை, சேர்?"

"எனக்கு ஒண்டுமில்ல. நான் சேர்ச்சுக்குப் போறவன். ஆனா பப்ளிக்குக்கு… விளங்குதுதானே?"

விளங்கவில்லை. இருந்தாலும் "ஓம் சேர்" என்றேன். அந்தச் சொல் எனக்கு எப்போதும் தடங்கலில்லாமல் வரும். பெரிய நியாயவான் போல எழுதுகிறேனே தவிர, இதே வேலைக்கான நேர்முகத்துக்குப் புறப்பட்ட அன்று, மாடிப்படியில் கணவனை இழந்த மேபல் அன்ரி எதிர்ப்பட்டபோது, செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்து, அவர் கடந்து போகும்வரை நிமிராமல் இருந்தவன் நான். அன்ரி அதற்கும், "கவனமாப் போயிட்டு வாங்க தம்பி" என்றுதான் சொன்னார்.

மறுநாள் போத்தலோடு நான் உட்கார்ந்தேன். குட்டிகள் என்னை முகர்ந்தன. முகத்தைத் திருப்பிக்கொண்டன. முழிவியளம் பார்க்கத் தெரிந்தவை போலிருக்கிறது. பால் முழுவதும் என் சேர்ட்டுக்குப் போனது. பொழுதுபடும்போது மூன்றில் சின்னது எழுந்து நிற்க முடியாமல் பக்கமாகச் சரிந்தது. வைத்தியர் அதன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நாளைக்கும் குடிக்காட்டி இது மிஞ்சாது" என்றார். கண்ணாடிக்கு வெளியே நின்றவர்கள் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த நாள் காலை நான் போனபோது கண்ணாடி அறையைச் சுற்றி ஒரே கூச்சல். உள்ளே நிஷாந்தினி இருந்தாள். சுவர்ப் பக்கம் திரும்பியல்ல, சனத்தைப் பார்த்தபடி, நட்ட நடுவில் சம்மணம் போட்டு இருந்தாள். மடியில் சின்னக் குட்டி, அதன் வாயில் போத்தல். குடித்துக்கொண்டிருந்தது.

"யார் மேன் இவள உள்ள விட்டது?" வின்சன்ற் என் காதுக்குள் சீறினார். "போய்க் கூட்டிக்கொண்டு வாங்க!"

கூட்டத்தில் அக்காவும் நின்றாள். மறுத்த விசாவுக்குக் கிஷாந்த் திரும்ப விண்ணப்பிக்கப் போகிறானாம். "தம்பி, கெதியா அவளை எழுப்பு. எவ்வளவு நேரம் கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறது?"

நான் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். கதவைச் சாத்தத் தோன்றவில்லை. வெளியே சத்தம் மெல்ல அடங்கியது.

"நிஷாந்தினி, கொஞ்ச நேரம் பின்னுக்கு…"

"போக மாட்டேன் சேர்."

"வேலைக்கு ஆபத்து வரும் பிள்ளை."

"வரட்டும். இது குடிச்சு முடிக்கிற வரைக்கும் யாரு வந்தாலும் எந்திரிக்க மாட்டேன்."

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. என்மேல் வந்தது. பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். வின்சன்ற் கண்ணாடியைத் தட்டினார். முதல் தடவையாக "ஏலாது சேர்" என்றேன். பிறகு, இரண்டு நாளாக எல்லாரிடமும் கேட்டு ஒருவரிடமும் பதில் கிடைக்காத கேள்வியை, கேட்கக் கூடாத ஆளிடமே கேட்டேன்.

"உம்மட முகத்தில என்ன பிழை எண்டு வெளியில நிக்கிற சனத்துக்கு நான் சொல்லுறது?"

அவள் போத்தலை எடுக்காமல் தலையை நிமிர்த்தி, கதவுக்கு வெளியே கேட்கும்படி சொன்னாள்.

"ஒரு பிழையும் இல்லைன்னு சொல்லுங்க சேர். இந்த மூணும் பன்னெண்டாம் நாள் கண்ணத் தொறந்தப்ப மொதல்ல பாத்தது என் மூஞ்சியத்தான். அதுனால ஒண்ணும் கெட்டுப்போகல, பொழச்சுக் கெடக்குதுக. நரி மூஞ்சில முழிச்சா நல்லது, புருசன் செத்தவ மூஞ்சில முழிச்சா ஆகாதுன்னு நெனைக்கிறவங்க, அப்படியே கண்ண மூடிக்கிட்டு வீட்டுக்குப் போகட்டும். என் மூஞ்சிய நான் எங்கயும் ஒளிச்சு வைக்க மாட்டேன்."