சாட்சி சொன்ன வாய்

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் வெங்காயம் தரம் பிரிக்கிறவள் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஞானஸ்நானம் எடுத்த மூன்றாம் மாதம் சபையில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். ஒரு வருடமாக எனக்கு வலிப்பு வரவில்லை, அது உண்மை. அதோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். ஆளாளுக்கு ஸ்தோத்திரம் சொல்லிக் கைதட்டிய வேகத்தில், "மாத்திரையையும் சாக்கடையில எறிஞ்சிட்டேன்" என்று ஒரு போடு போட்டேன். எறியவே இல்லை. தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு விழுங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்த மாதம் சபைப் பெண்களெல்லாம் வேன் பிடித்துக் குற்றாலம் போனோம். ஐந்தருவியில் தண்ணீர் வெளுத்துக் கொட்டியது. பெண்கள் வரிசையில் எனக்கு முன்னால் ஜெயபிரியா நின்றாள். கல்லூரியில் படிக்கிற பிள்ளை, என் வியாதி அவளுக்கும் உண்டு.

"ஏட்டி, நீ அருவிக்குள்ள போகக்கூடாதுல்லா?"

"இப்ப போலாம்க்கா. மாத்திரைய விட்டு அஞ்சு நாளாச்சு. ஒங்க சாட்சியக் கேட்டுத்தான் எனக்குத் தைரியமே வந்துச்சு."

எட்டி வரிசையை எண்ணினேன். எங்களுக்கு முன்னால் ஆறு பேர்தான் இருந்தார்கள்.

"இன்னைக்கு வேண்டாம் பிள்ள. பாறை வழுக்கும்."

"பிள்ளைய ஏன் பயமுறுத்துத, முப்பிடாதி?" என்று பின்னாலிருந்து பாஸ்டரம்மா சிரித்தார். பாவம், அவருக்கு எதுவும் தெரியாது.

நான் இந்தச் சபைக்கு வந்ததிலிருந்து கூடப்பிறந்தவன்கூட என் வாசல் மிதிப்பதில்லை. என்னை அக்கா என்று கூப்பிட இவர்களை விட்டால் ஆளில்லை. உண்மையைச் சொன்னால் இவர்கள் முகத்தில் எப்படி முழிப்பேன்? 'ஆண்டவரே, வேற யாரையாவது விட்டுத் தடுத்திரும்' என்று ஜெபித்தேன். வேறு யாரும் வரவில்லை. இரண்டே பேர் பாக்கி.

ஜெயபிரியா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "பிடிங்கக்கா" என்று நீட்டினாள்.

நான் அவள் கையைப் பிடித்தேன். "நான் சொன்னது பொய், ஏட்டி! மாத்திரைய எறியவே இல்ல. இன்னைக்குக் காலையிலயும் போட்டுட்டுத்தான் வேன் ஏறுனேன்!"

அருவி இரைச்சலில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"என் விசுவாசத்தச் சோதிக்கீங்களாக்கா?" என்று கையை உருவிக்கொண்டு அருவிப் பக்கம் நகர்ந்தாள். எனக்கு வந்த கோபத்தில் இடுப்போடு சேர்த்து இழுத்தேன். இரண்டு பேரும் ஈரத்தரையில் விழுந்தோம், எனக்கு முட்டி பெயர்ந்துவிட்டது. இடுப்பில் செருகியிருந்த பர்ஸைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்து அவள் கையில் திணித்தேன். பாதிக்கு மேல் காலி. மாத்திரையின் பெயரைக் கண்ணருகே வைத்துப் படித்ததும் அவள் முகம் செத்துப்போனது. பாஸ்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"அப்ப இயேசு ஒங்கள மாத்துனாருன்னு சாட்சியில சொன்னீங்களே, அதுவும் பொய்யா?" என்றாள் ஜெயபிரியா.

"அது நெசம் பிள்ள" என்று அழுதேன். "இன்னும் மாத்திட்டுதான் இருக்காரு. இந்த வாய் மட்டும் இன்னைக்குத்தான் அவரு கைக்கு வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை சபையிலயும் சொல்லுதேன்."

அவள் எழுந்துபோய்ப் பாஸ்டரம்மாவிடம் போனை வாங்கினாள். அவள் அம்மாவின் எண்ணை அழுத்தினாள்.

"யம்மா, நான் ஒங்கிட்ட பொய் சொல்லிட்டேன். அஞ்சு நாளா மாத்திரை போடல."